பூவாயிக்கு எப்படித் தெரிந்தது

ஆலங்குடி,
18.11.2024

அன்புத் தம்பி கண்ணுசாமிக்கு, மதினி செவந்தி எழுதுவது.

இங்கே காது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் முட்டிவலி எப்படி? மருமகள் ரம்யா நேரத்துக்குச் சோறு போடுகிறாளா, இல்லை நீங்கள்தான் வேளைக்கு ஒரு குறை சொல்லி அவளை ஓட விடுகிறீர்களா?

காய்ச்சலோடு போன காது திரும்பவில்லை. போனில் பேச முடியாது. செல்போனில் எழுத்தைத் தட்டலாம் என்றால் காவ்யா தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். பெற்ற மகள்தான், அதற்காக எல்லாவற்றையும் படிக்க விடமுடியுமா? அதனால்தான் இந்தத் தபால்.

நம்முடைய ‘வளையல் பூவாயி’ நாடகம் சினிமாவாகி வந்துவிட்டது. காவ்யா என்னைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். இருபது வருடத்துக்கு மேல் நான் கட்டிய வேடத்தை ஒரு சின்னப் பெண் கட்டியிருக்கிறாள். என்ன நடிப்பு தம்பி! அழும்போது அந்தத் தாடை நடுங்குகிறதே, எனக்கெல்லாம் அது வந்ததே இல்லை. உங்கள் அண்ணன் பாடிய ராஜபார்ட்டுக்கு வந்த பையன் நிற்கிற நிற்பைப் பார்த்து, இருட்டில் நான் அழுதுவிட்டேன். அவரே வந்து நிற்பதுபோல இருந்தது. பாளையக்காரராக வருபவர் கண்ணாலேயே மிரட்டுகிறார்.

எனக்குத்தான் பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை. தியேட்டரே பாட்டில் சொக்கிக் கிடந்தது. எனக்குக் கதை மட்டும் தனியாகத் தெரிந்தது. அதில் ஏதோ ஓர் இடம் நொண்டுகிறது. எந்த இடம் என்று பிடிபடவில்லை. நீங்கள் கட்டிய பபூனும் படத்தில் இல்லை என்று வீட்டுக்கு வந்து காவ்யா எழுதிக் காட்டினாள். நீங்கள் பார்த்தீர்களா?

பதில் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

மதினி செவந்தி

•

பொன்னமராவதி,
29.11.2024

மதினி அவர்களுக்கு வணக்கம்.

முட்டி என்னைக் கேட்காமலே மழையை அறிவிக்கிறது. ரேடியோக்காரர்கள் வேலைக்குக் கூப்பிட்டால் போகலாம் என்றிருக்கிறேன். ரம்யா சோறு போடுகிறாள். உப்பு மட்டும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது.

படம் பார்த்தேன், இரண்டு தடவை. முதல் தடவை மகன் டிக்கெட் எடுத்தான். இரண்டாவது தடவை தனியாகப் போனேன். நீங்கள் சொன்னது சரி, ஒருத்தருக்கொருத்தர் சளைக்காமல் நடித்திருக்கிறார்கள். அண்ணன் வேடத்துக்கு வந்த பையன் பாடுவதற்கு முன் தலையை லேசாகச் சாய்க்கிறான் பாருங்கள், அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இடைவேளையில் முறுக்கு தின்ன முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை கிடக்கட்டும். பாட்டு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், போதாதா? இங்கே டீக்கடையில் சில பேர் மட்டும் கேட்கிறார்கள். “புருசன் செத்துட்டான்னு தாலிய எறக்குனவ, மூணு வருசங் கழிச்சு வளையக்காரன் வேசத்துல வந்தவனப் பாத்த ஒடனே கையை நீட்டுறாளே, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?” என்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

படக்காரர்களுக்குக் கதை சொன்னது யாராம்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காவ்யாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கண்ணுசாமி

•

ஆலங்குடி,
10.12.2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உப்பு விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். ரம்யா கண்ணில் படாமல் எழுதுங்கள். இங்கே இரண்டு நாளாக மழை. தென்னையில் ஒரு மட்டை விழுந்து காவ்யாவின் வண்டிக் கண்ணாடி போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

கதை சொன்னது நான்தான். சந்தோஷ் என்று ஒரு பையன், அவன்தான் படத்தை எடுத்தவன். முந்தின வருடம் வந்தான், அப்போது எனக்குக் காது கேட்டது. மூன்று நாள் கூடத்தில் உட்கார்ந்து மொத்த நாடகத்தையும் சொல்லிப் பாடி முடித்தேன். உங்கள் டீக்கடைக்காரர்கள் கேட்டதையே அவனும் கேட்டான். “ஆத்தா, பூவாயிக்கு எப்படித் தெரியுது?” என்றான். “பொண்டாட்டி மனசுக்குத் தெரியாதாய்யா?” என்றேன். அப்படியே துள்ளிக் குதித்துவிட்டான். “இதுதான் படம், இதுதான் படம்” என்று கூட வந்தவனைப் பிடித்து உலுக்கினான்.

பொங்கல் முடிந்த கையோடு புதுக்கோட்டையில் ஒரு விழா வைக்கிறார்களாம். நடித்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். எனக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள். உங்களுக்கும் அழைப்பு வந்திருக்குமே? காலையிலேயே பஸ் ஏறி இங்கிட்டு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம். அந்தப் பச்சைச் சட்டையைப் போடாதீர்கள்.

மதினி செவந்தி

•

ஆலங்குடி,
22.01.2025

தம்பி கண்ணுசாமிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மார்கழி போய்ப் பொங்கலும் போய்விட்டது, ஒரு வரி இல்லை. பொங்கலன்று காவ்யாவை விட்டு உங்கள் மகனுக்குப் போன் போடச் சொன்னேன். “அப்பா நல்லாத்தான் இருக்காரு” என்றானாம். நல்லா இருக்கிறவர் எழுதினால் என்ன?

விழாவுக்கு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அழைப்பே போகவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சந்தோஷிடம் கேட்டேன், எழுதிக் காட்டினான். பபூன் ஒருத்தர் இருந்தார் என்று நான் சொல்லவே இல்லையாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். சொல்லவில்லை.

மேடையில் சத்யபிரியா என்று ஒரு கல்லூரிப் பெண், எனக்குக் காது கேட்காது என்பதால் தாளில் எழுதி நீட்டினாள். “பூவாயிக்கு எப்படித் தெரிந்தது?” மறுபடியும் அதே கேள்வி. பொண்டாட்டி மனசு என்று சொல்ல வாய் எடுத்தேன். எனக்கே அது பொய்யாகப் பட்டது. சும்மா சிரித்து வைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னாடை கழுத்தை அறுத்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். முதல் நாள் நாடக வாத்தியார் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “தெரிஞ்ச மொகத்தோட உள்ள நொழ.” ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அத்தனை வருடமும் தெரிந்த முகத்தோடு நுழைந்தேன், கையை நீட்டினேன். நமக்கு ஒத்திகை ஏது? அவரவர் தனித்தனியாக பஸ்ஸில் வந்து இறங்கி, வேடம் கட்டி, நம் முறை வந்ததும் மேடை ஏறுவோம். எனக்கு முந்தின காட்சி நடக்கும்போது நான் மேக்கப் கொட்டகையில் சவுரி முடிந்துகொண்டிருப்பேன். அந்தக் காட்சியை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அந்த நேரம் மேடையில் இருந்தது நீங்கள். அங்கே என்ன செய்தீர்கள் தம்பி?

மதினி செவந்தி

•

பொன்னமராவதி,
12.02.2025

மதினி அவர்களுக்கு,

இவ்விடம் யாவரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கடலை பிடுங்கும் வேலை இருந்தது.

விழா நல்லபடியாக நடந்ததாகப் பேப்பரில் பார்த்தேன். போட்டோவில் நன்றாக இருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. படத்துக்கு நேரம் இரண்டு மணிதான். அதில் பபூனுக்கு எங்கே இடம் போடுவார்கள்?

என் காட்சியில் கதை எல்லாம் கிடையாது. நாலு சிரிப்பு, ஒரு பாட்டு, மருதாயியோடு ஒரு ஆட்டம். விட்டுத்தள்ளுங்கள். நானும்தான் உங்கள் கடைசிக் காட்சியைப் பார்த்ததில்லை. என் வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போய் நிற்பேன். கையை நீட்டுகிறீர்கள், வளையல் போடுகிறார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

காவ்யாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

கண்ணுசாமி

•

ஆலங்குடி,
20.02.2025

தம்பி,

முட்டியை விசாரிக்க மாட்டேன். கோபத்தில் இருக்கிறேன்.

“இவ்விடம் யாவரும் நலம்” என்று எனக்கு எழுதுகிறீர்களா? நான் என்ன கரண்ட் ஆபீஸா? இருபது வருடத்துக்கு மேல் உங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றியவள். வருத்தம் இருந்தால் வருத்தம் என்று எழுதுங்கள். “என்னை மறந்துட்டீங்களே மதினி” என்று நாலு வார்த்தை திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறேன். மறந்தது உண்மைதானே.

நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று தெரிந்து, பஸ் ஏறிக் கந்தர்வக்கோட்டைக்குப் போய் மருதாயியைப் பார்த்தேன். பூவாயியின் தோழியாக உங்களோடு ஆடியவள் அவள்தானே. இப்போது முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள், கையெல்லாம் கறை. என் காதுக்குள் கத்திப் பார்த்தாள். விழவில்லை. பிறகு அவள் பேத்தியை விட்டு எழுதிக் காட்டினாள். “ஒங்க கொழுந்தனாரு சொல்லித்தானக்கா பூவாயிக்குத் தெரியும். அவரு எங்கிட்டச் சொல்வாரு, நான் ஓடியாந்து ஒங்ககிட்டச் சொன்னதா கணக்கு. ஊருக்கே தெரியுமே, ஒங்களுக்குத் தெரியாதா?”

எப்படி இருந்திருக்கும் எனக்கு! கதையின் முடிச்சே உங்கள் கையில் இருந்திருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டு, மனசு மண்ணாங்கட்டி என்று அந்தப் பையனுக்குக் கதை அளந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய நடிகர்களை வைத்துக்கொண்டு படம் அந்த இடத்தில் விழுகிறது என்றால், விழும் பள்ளம் உங்கள் அளவுதான்.

சந்தோஷுக்கு எழுதினேன். இனிமேல் சேர்க்க முடியாதாம். போகட்டும். எனக்காவது அந்தக் காட்சியை எழுதி அனுப்புங்கள். முழுசாக எழுதுங்கள். மருதாயி மீதியைச் சொல்லமாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அது ஏன் என்றும் தெரியவேண்டும்.

செவந்தி

•

பொன்னமராவதி,
09.03.2025

மதினி அவர்களுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். திட்டு கிடைத்தது. கருவாட்டுக் குழம்பு நினைவு வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், படம் பார்த்து முடிந்து விளக்குப் போட்டபோது எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாவது தடவை போனது, நான் வரும் இடத்தில் கண் அசந்துவிட்டேனோ என்று பார்க்கத்தான். வருத்தம் இருந்தது. எழுதிவிட்டேன், இப்போது இல்லை.

காட்சியை எழுதுகிறேன். ஊருக்கு ஊர் மாற்றிப் பேசியிருப்பேன், கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் போட்ட நாடகத்தில் பேசியதை எழுதுகிறேன்.

நான் ஆட்டுக்காரன். காட்டில் பூவாயி புருசனைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் உயிரோடு இருப்பது பாளையக்காரர் ஆட்களுக்குத் தெரிந்தால் தலை போய்விடும். அதனால் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தோழி மருதாயி எதிரே வந்து மறிப்பாள்.

“என்னய்யா, ஆட்ட விட்டுப்புட்டு மொகத்த மட்டும் ஓட்டிட்டு வாரீரு?”

“ஒருத்தரப் பாத்தேன். சொல்லக் கூடாது.”

“யாரு? எங்க அக்கா புருசனா?”

நான் சிரிப்பேன். பதில் கிடையாது.

“செத்துட்டாருன்னாங்களே. உசுரோட இருக்காரா?”

மறுபடியும் சிரிப்பேன். “சத்தியம் பண்ணியிருக்கேன் ஆத்தா. வாயத் தொறந்தா என் குடும்பம் வெளங்காது. நீ கேளு, நான் சிரிக்கிறேன். சிரிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கல.”

“வாராரா, வரலையா?”

“அந்தா, மறைப்புக்குப் பின்னால குத்தவச்சு மூச்சு வாங்குறாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதுங்குறாரு. தெரிஞ்சா பயந்துருவாளாம். என்னையவும் போக விடமாட்டேங்குறாரு மனுசன். அவரு எந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கிட்டு ஆடணும். ஆடவா, நிறுத்தவா?”

“ஆடு” என்று ஜனம் கத்தும். ஆடுவேன். பிறகு ஆர்மோனியக்காரர் கண்ணைக் காட்டுவார். உடனே நான், “எந்திரிச்சுட்டாரு, போயி ஒங்க அக்காகிட்ட நான் சிரிச்சேன்னு சொல்லு” என்பேன். மருதாயி ஓடுவாள். நீங்கள் உள்ளே வருவீர்கள். நான் இறங்கிவிடுவேன்.

அவ்வளவுதான் மதினி. பெரிதாக ஒன்றும் இல்லை.

கண்ணுசாமி

•

ஆலங்குடி,
17.03.2025

தம்பி,

எல்லாரும் சுகம். காவ்யா வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

சிரிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கவில்லை! எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாவது தடவை ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

பூவாயி புருசன் போர்வீரன். காட்டில் ஒளிந்திருப்பவன் எதற்கு மூச்சு வாங்கவேண்டும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் ஏன் உட்காரவேண்டும்? கதையில் அது கிடையாதே. வாத்தியார் எழுதியதும் கிடையாதே.

நீங்கள் எழுதியது ரெண்டு பக்கம்கூட வரவில்லை. மேடையில் ஒரு நாள் சட்டென்று முடியும், ஒரு நாள் இழுத்துக்கொண்டே போகும். வேடம் கட்டி, பவுடர் வியர்வையில் வழிய நான் காத்துக் கிடப்பேன். “சுருக்க முடிக்கச் சொல்லுங்க, கைதட்டு கண்டா எறங்க மாட்டாரு” என்று எத்தனை தடவை ஆள் அனுப்பியிருப்பேன். நீங்கள் ஒரு நாளும் மறுவார்த்தை சொன்னதில்லை.

உங்கள் அண்ணன் மேடை ஏறும் வரை என் கொட்டகைப் பக்கமே வரமாட்டார். ராஜபார்ட் ஜம்பம் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் பனிக்காலத்தில்கூட வெக்கை என்று சொல்லி மொட்டைமாடிக்குப் போய்ப் படுப்பார். அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன். கடைசி வருடம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அவருக்கு இளைப்பு என்று எனக்குத் தெரியும். டாக்டர், “பல வருசமா இருந்திருக்குமே, கவனிக்கலையா?” என்று என்னைக் கேட்டார்.

ஆர்மோனியக்காரர் யாரைப் பார்த்துவிட்டு உங்களுக்குக் கண்ணைக் காட்டினார்? மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் தம்பி?

செவந்தி

•

பொன்னமராவதி,
28.04.2025

மதினி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பங்குனி போய்ச் சித்திரை வந்துவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆள் போனாலும் செய்த சத்தியம் போகுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நீங்கள் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சிரிக்கிறேன் மதினி.

கண்ணுசாமி

•

ஆலங்குடி,
04.05.2025

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் சிரித்தது வந்து சேர்ந்தது. தெரிந்துகொண்டேன்.

ரெண்டு நாள் அழுதேன். முதலில் உங்கள் மேல்தான் கோபம். ஊர் ஊராக அத்தனை ஜனத்துக்கும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள், மருதாயிக்குத் தெரியும், ஆர்மோனியக்காரருக்குத் தெரியும், தலைக்கு மேலே குழல் கட்டிய ரேடியோசெட்டில் என் காதுக்கும் அது விழுந்திருக்கும். எனக்குக் காது கேட்ட காலத்தில், பபூன் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். கேட்காமல் போன பிறகு ஒரு கடிதத்தில் கேட்டிருக்கிறேன்.

பிறகு அவர் மேல் கோபம் வந்தது. பயந்துவிடுவேனாம். பாடியது போதும் என்று கையைப் பிடித்து இழுத்துவந்திருப்பேன் என்று பயந்தது அவர்தான். இழுத்துத்தான் வந்திருப்பேன். அவரும் அந்தப் பாட்டை விட்டுவிட்டு இருந்திருக்கமாட்டார். இப்போது யார் மேலும் கோபம் இல்லை. மொட்டைமாடியில் அவர் தனியாக உட்கார்ந்து மூச்சு வாங்கியதை நினைத்தால்தான் தாங்கவில்லை. மேடையிலாவது அவருக்கு நீங்கள் இருந்தீர்கள்.

ஒரு சேதி. வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ‘வளையல் பூவாயி’ போடச் சொல்லி ஊர்க்காரர்களிடம் பேசிவிட்டேன். படம் பார்த்த சூட்டில் உடனே சரி என்றார்கள். பூவாயிக்கும் ராஜபார்ட்டுக்கும் இளசுகள் வருகிறார்கள். மருதாயி ஒரு கை பார்க்கிறேன் என்கிறாள். பபூன் நீங்கள்தான். நோட்டீஸில் உங்கள் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன், போட்டோவோடு. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முந்தின நாளே வாருங்கள். கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். பச்சைச் சட்டையையும் போட்டுக்கொள்ளுங்கள், போங்கள்.

முடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு ஓடக் கூடாது. என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிக் காட்சியைப் பார்க்கவேண்டும். அந்தக் கை எப்படி நீளும் என்று நீங்களும் பார்த்ததில்லையே.

நான் முன்வரிசையில் உட்காருவேன். பாட்டு எனக்கு விழாது, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி ஆடுங்கள். மறைப்புக்குப் பின்னால் இப்போது யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காட்சியைச் சட்டென்று முடித்துவிடாதீர்கள் தம்பி. அவர் எழுந்திருக்கிற வரைக்கும் ஆடுங்கள். இந்தத் தடவை நான் ஆள் அனுப்பமாட்டேன்.

மதினி செவந்தி